பழைய சிறு டிராக்டரின் எஞ்சினைப் புதுப்பித்தல்

சங்கத்துக்குச் சொந்தமான யந்திரம் தனி மனிதருக்குச் சொந்தமான யந்திரத்தைப் போன்றதன்று. தனி மனிதருடைய யந்திரம் கெட்டால் நஷ்டம் ஒருவரைச் சேரும். சங்கத்தின் யந்திரம் கெட்டால், பங்குப் பணம் கட்டிய ஒவ்வோர் அங்கத்தினரையும் அது சேரும். அதிலும் உழவுப் பருவத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. மழை பெய்த ஈரம் யாருக்காகவும் காத்திராது. நான்கு நாள் வெயிலில் மண் இறுகிவிடும், விதைப்பு தவறும், சொந்தமாக ஏர்மாடு வைத்திராத சிறு விவசாயியே முதலில் கஷ்டப்படுவார். பெரிய நிலக்காரர் அதிக வாடகை கொடுத்து வேறு டிராக்டரைக் கொண்டுவந்து உழுதுகொள்வார். சங்கத்தின் டிராக்டரை நம்பி இருந்தவருக்கு அந்த வழியும் இல்லை.

ஆகையால் எஞ்சின் தேய்ந்து புகை கக்கத் தொடங்கியதும், அதை என்ன செய்வது என்ற கேள்வி சங்கத்தின் பொதுக் கூட்டத்துக்கு வருகிறது. அங்கே சாதாரணமாக இரண்டு அபிப்பிராயங்கள் எழும். ஒரு சாரார், "கிழட்டு யந்திரம், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கிப் புதிது வாங்குவோம்" என்பார்கள். மற்றொரு சாரார், "ரிங்கு மாத்திரம் மாற்றினால் போதும் என்று மெக்கானிக்கு சொல்லுகிறார், குறைந்த செலவில் காரியம் முடியும்" என்பார்கள். இரண்டு கட்சியாரும் சங்கத்தின் நன்மையைக் கருதியே பேசுகிறார்கள். ஆனால் இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். எஞ்சினின் எந்த உறுப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அளந்து பாராமலே இருவரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அளந்து பார்ப்பது எப்படி, அளவைக் கொண்டு முடிவு செய்வது எப்படி, வேலை நடக்கும்போது அங்கத்தினர்கள் எவற்றைக் கவனிக்கவேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. டிராக்டர் எஞ்சினை வைத்துச் சொல்லப்பட்டாலும், கிணற்றடியில் ஓடும் ஆயில் எஞ்சினுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

உதாரணத்துக்கு ஒரு யந்திரம்

உலகத்தில் சிறு டிராக்டர்களுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கியது பெர்குஸன் டி.இ. 20 என்னும் யந்திரம். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பவரின் யோசனைப்படி, இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்திலுள்ள தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை இது செய்யப்பட்டது. அந்தப் பத்து வருஷங்களில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட டிராக்டர்கள் வெளிவந்தன. எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். கலப்பையைப் பின்னால் இழுத்துச் செல்லாமல், மூன்று இணைப்புகளால் தாங்கி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்த ஏற்பாடே இதன் புகழுக்குக் காரணம். 1958-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் எட்மண்ட் ஹில்லாரி என்னும் பிரசித்தி பெற்ற மலையேறி, இந்த வகை டிராக்டர்களை ஓட்டிக்கொண்டே தென் துருவத்தை அடைந்தார் என்றால் இதன் உறுதியை அறிந்துகொள்ளலாம். 1953-இல் பெர்குஸன் ஸ்தாபனம் மாஸி ஹாரிஸ் ஸ்தாபனத்தோடு சேர்ந்தது. அவ்வழியில் வந்த மாஸி பெர்குஸன் டிராக்டர்கள் பின்னர் சென்னையிலேயே செய்யப்பட்டுத் தமிழ்நாட்டு வயல்களிலும் உழுதன.

இந்த டிராக்டரின் முதல் வண்டிகளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கான்டினென்டல் எஞ்சின் பொருத்தப்பட்டது. பிறகு ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்த எஞ்சின் வந்தது. அதில் நான்கு சிலிண்டர்கள்; சிலிண்டரின் குறுக்களவு 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 92 மில்லிமீட்டர். 1951 முதல் குறுக்களவு 85 மில்லிமீட்டராக அதிகரிக்கப்பட்டது. இந்த எஞ்சினில் கவனிக்கத்தக்கது, சிலிண்டர்கள் அதன் உடலோடு சேர்த்து வார்க்கப்படவில்லை என்பதே. ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியான இரும்புக் குழாய். அதை லைனர் என்பர். குளிர்விக்கும் தண்ணீர் அந்தக் குழாயின் வெளிப்புறத்தை நேராகத் தொட்டு ஓடுவதால் இதற்கு ஈர லைனர் என்று பெயர். தேய்ந்த லைனரை வெளியே எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடலாம். எஞ்சினின் உடலைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்க் குடையவேண்டியதில்லை. கிராமத்திலேயே புதுப்பிக்கத்தக்க எஞ்சின் எது என்று கேட்டால், இத்தகைய அமைப்புடையதே என்று சொல்லலாம்.

தேய்மானம் எங்கே, ஏன்?

எஞ்சின் வயதினால் தேய்வதில்லை. தூசியினாலும், அழுக்கு எண்ணெயினாலும், எண்ணெய்க் குறைவினாலுமே தேய்கிறது. உழவின்போது கிளம்பும் புழுதியில் கலந்துள்ள மணல் துகள், சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் எண்ணெய் வற்றியிருந்தால், அத்துகள் காற்றோடு உள்ளே சென்று, பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் அரம்போல் வேலை செய்கிறது. ஒரு கரண்டிப் புழுதி ஒரு நல்ல எஞ்சினைக் கிழமாக்கிவிடும்.

லைனர் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகத் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சிக்கு ஏறி நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிக அதிகம். அங்கே உஷ்ணம் அதிகம். எரிந்த வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. எண்ணெய்ப் படலமோ அங்கேதான் மிக மெல்லியது. ரிங்கு எட்டாத உச்சி விளிம்பு தேயாமல் பழைய அளவிலேயே நிற்பதால், அங்கே ஒரு வரம்பு உண்டாகிறது. விரல் நகத்தால் தடவினால் அது தட்டுப்படும். மேலும், கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டன் சுவரின் இரண்டு பக்கங்களையே அதிகமாக உரசுகிறது. ஆகவே வட்டமாயிருந்த துவாரம் நாளடைவில் சற்று முட்டை வடிவமாகிவிடுகிறது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில் வேறொரு கேடு உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பு மண்ணெண்ணெயில் மாற்றிவிட்டால், எரியாத எண்ணெய் சுவர் வழியாக வடிந்து அடித்தொட்டியிலுள்ள மசகு எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. அளவுகோலில் எண்ணெய் ஏறியிருப்பதைக் கண்டு, "எண்ணெய் குறையவே இல்லை" என்று டிரைவர் சந்தோஷப்படுவார். உண்மையில் பேரிங்குகள் அப்போதுதான் அழியத் தொடங்குகின்றன.

பிரிக்குமுன் செய்யவேண்டிய பரீட்சைகள்

எஞ்சினைப் பிரித்துப் போட்டபின் சில விஷயங்களை அறிய முடியாது. ஆகையால் பிரிப்பதற்கு முன்பே நான்கு பரீட்சைகளைச் செய்து, சங்கத்தின் புஸ்தகத்தில் குறித்துக்கொள்ளவேண்டும்.

முதலாவது புகை. நீலப் புகை மசகு எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை எரிபொருள் அதிகமாவதையோ, காற்று குறைவதையோ காட்டும். அதற்கு எஞ்சினைப் பிரிக்கவேண்டிய அவசியமே இல்லாமலிருக்கலாம். சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை, தண்ணீர் சிலிண்டருக்குள் புகுவதைக் காட்டும்.

இரண்டாவது அமுக்கப் பரீட்சை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அமுக்கமானியை ஒவ்வொரு துவாரத்திலும் வைத்து, எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டவேண்டும். ஒன்று மாத்திரம் மிகவும் தாழ்ந்திருந்தால், அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி மசகு எண்ணெய் விட்டு மறுபடியும் அளக்கவேண்டும். அமுக்கம் ஏறினால், ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கிறது. எண்ணெய் அந்தச் சந்தைத் தற்காலிகமாக அடைத்ததால் அமுக்கம் ஏறிற்று. ஏறாவிட்டால், கோளாறு வால்விலாவது ஹெட்டின் அடியிலுள்ள பேக்கிங்கிலாவது இருக்கவேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால், அவற்றின் நடுவே பேக்கிங் எரிந்துபோயிருக்கலாம். இந்தச் சிறு பரீட்சை செய்யாததனால், பேக்கிங் மாற்றிச் சரிசெய்யக்கூடிய எஞ்சினை முழுவதும் பிரித்து வீண் செலவு செய்வதுண்டு.

மூன்றாவது எண்ணெய் அழுத்தம். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாயிருப்பதால் அழுத்தமானி நல்ல அளவையே காட்டும். ஒரு மணி நேரம் உழுதபின் காட்டும் அளவே உண்மையானது. அப்போது முள் வீழ்ந்துவிட்டால், பேரிங்குகளில் சந்து அதிகமாகிவிட்டதென்றோ, எண்ணெய்ப் பம்பு தேய்ந்துவிட்டதென்றோ கொள்ளவேண்டும்.

நான்காவது அடித்தொட்டியில் தண்ணீர் உண்டா என்பது. எஞ்சினை ஓர் இரவு முழுவதும் ஓட்டாமல் வைத்து, காலையில் வடிகால் திருகை மெதுவாகத் தளர்த்தவேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் தங்கியிருந்து முதலில் வெளிவரும். ஈர லைனர் எஞ்சின்களில் இப்படித் தண்ணீர் வந்தால், லைனரின் அடியிலுள்ள சீல் கெட்டுவிட்டதென்று பெரும்பாலும் சந்தேகிக்கலாம்.

பிரித்தபின் அளவெடுத்தல்

பிரிக்கும்போது, எந்த உறுப்பு எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்துக்கே திரும்பவேண்டும் என்பதை மறக்கலாகாது. கனெக்டிங் ராடுகளுக்கும் அவற்றின் மூடிகளுக்கும் முன்பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என்று அடையாளமிடவேண்டும். எட்டு வால்வுகளையும் எட்டுத் துளையிட்ட ஒரு பலகையில் வரிசையாகச் செருகி வைக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிப் போடும் பட்டறையில் சங்கத்தின் எஞ்சினை விடுவது நல்லதன்று.

அளவுகள் மிக நுட்பமானவை. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைப் பட்டறைகளில் 'தௌ' என்பார்கள். மனிதனுடைய தலைமயிரின் கனம் ஏறக்குறைய 2 அல்லது 3 தௌ இருக்கும். எஞ்சினின் ஆயுள் இத்தகைய மயிரிழை அளவுகளிலேயே இருக்கிறது. ஆகையால் கண்ணால் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லுவதை ஒப்புக்கொள்ளக் கூடாது.

லைனரை உள்ளளவு மைக்ரோமீட்டரால் மேல், நடு, கீழ் என்ற மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் அளப்பது முறை. அந்தக் கருவி இல்லாத இடத்தில், ஒரு புதிய ரிங்கும், இலை இலையாய்க் கனம் குறித்த ஃபீலர் கேஜும் இருந்தால் போதும். ரிங்கை லைனரின் அடிப்பாகத்தில், தேய்மானமில்லாத இடத்தில், பிஸ்டனின் தலையால் தள்ளிச் சமமாக நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்கவேண்டும். பிறகு அதே ரிங்கை மேலே வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி அளக்கவேண்டும். வட்டத்தின் சுற்றளவு குறுக்களவைப் போல் 3.14 மடங்காகையால், இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால், துவாரம் மேலே எவ்வளவு அகன்றிருக்கிறதென்று தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம்: அடியில் இடைவெளி 12 தௌ, மேலே 43 தௌ. வித்தியாசம் 31 தௌ. இதை 3.14-ஆல் வகுக்க, ஏறக்குறைய 10 தௌ. லைனர் மேலே 10 தௌ அகன்றுவிட்டது என்பது இதன் பொருள். இவ்வளவு பருமனுள்ள சிலிண்டர்களில் 8 அல்லது 10 தௌ தேய்ந்துவிட்டால் அதை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டதென்பது பட்டறைகளின் பொது அனுபவம். அந்தந்த எஞ்சினுக்கு அதைச் செய்தவர் தம் புஸ்தகத்தில் குறித்திருக்கும் அளவே முடிவானது.

"ரிங்கு மாத்திரம் மாற்றினால் போதும்" என்ற சொல்லின் மதிப்பு இதனால் விளங்கும். அகன்ற துவாரத்தில் புதிய ரிங்கு போட்டால், அது மேலே ஏறும்போது விரிந்தும், கீழே இறங்கும்போது சுருங்கியும், ஒரு நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை அசைந்துகொண்டே இருக்கும். முட்டை வடிவமான சுவரில் வட்டமான ரிங்கு எங்கும் ஒட்டாது. பழைய ரிங்கோ வரம்பின் வடிவத்துக்குத் தக்கபடி தேய்ந்து அமைந்திருந்தது. புதிய ரிங்கின் கூரிய விளிம்பு வரம்பில் மோதி உடைந்தும் போகலாம். சில வாரங்களுக்குப் புகை குறைந்ததுபோல் தோன்றும். பிறகு முன்னிலும் அதிகமாகும். ரிங்குக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் போய்விடும். சங்கத்தின் மேல் அங்கத்தினர்களுக்கு இருந்த நம்பிக்கையும் அதோடு போய்விடும். தேய்மானம் 3 அல்லது 4 தௌவுக்குள் இருந்து, சுவரில் கீறலும் இல்லையாயின், ரிங்கு மாத்திரம் மாற்றுவது நியாயமே. அளவு சொல்லுகிறபடி செய்வதே சிக்கனம்.

கிராங்கும் பேரிங்குகளும்

கிராங்க் ஷாஃப்டின் கழுத்துகளை மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்து, வட்டம் கெட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வித்தியாசம் 2 தௌவுக்கு மேற்பட்டாலும், நகத்தில் தட்டும்படி கோடு விழுந்திருந்தாலும், கிராங்கைச் சாணை பிடிக்கும் பட்டறைக்கு அனுப்புவதே உத்தமம். அங்கே அதை 10, 20, 30 தௌ என்ற படிகளில் குறைத்து வழவழப்பாக்குவார்கள். எவ்வளவு குறைத்தார்களோ அவ்வளவு கனம் கூடிய பேரிங்குகளைப் பொருத்தவேண்டும். குறைத்த அளவை எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால், அடுத்த தடவை தவறான பேரிங்கு வாங்க நேரிடும்.

பேரிங்கு என்பது எஃகு ஓட்டின்மேல் மிருதுவான உலோகம் பூசியது. மிருதுவாயிருப்பதற்குக் காரணம், எண்ணெயில் வந்த சிறு துகள் அதில் பதிந்துவிட, கிராங்க் காப்பாற்றப்படவேண்டும் என்பதே. அதாவது பேரிங்கு தன்னைக் கொடுத்து அதிக விலையுள்ள கிராங்கைக் காக்கிறது. பேரிங்கு தளர்ந்துவிட்டதென்று அதன் மூடியை அரத்தால் தேய்த்து இறுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதைப்போன்ற கேடு வேறில்லை. தேய்த்த மூடியால் துவாரம் வட்டமாயிராமல் தட்டையாகும். எண்ணெய்ப் படலம் இரண்டு இடங்களில் அறுந்துபோகும். அதன்பின் எத்தனை புதிய பேரிங்கு போட்டாலும் நிலைக்காது. மூடியில் அரம் பட்ட தடம் தெரிந்தால், காரணம் கேட்காமல் வேலையை நிறுத்தலாம்.

சாணை பிடித்து வந்த கிராங்கின் உட்புறத்தில் எண்ணெய் ஓடும் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றில் சாணைத்தூள் தங்கியிருக்கும். மண்ணெண்ணெயும் கம்பியும் கொண்டு அவற்றைச் சுத்தமாக்கி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறை படாதவரையில் துடைக்கவேண்டும். இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் விட்டால், புதிய பேரிங்குகள் முதல் நாளிலேயே அறுபட்டுவிடும்.

வால்வுகளும் ஹெட்டும்

வால்வின் விளிம்பு எரிந்து பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றவேண்டும். சிறிது கறுத்திருந்தால் கடைந்து, பசை தடவி அதன் இருக்கையோடு தேய்க்கலாம். வேலை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. வால்வுகளை ஸ்பிரிங்கோடு பூட்டி, ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, காற்று வரும் வழியிலும் புகை போகும் வழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிஷங்கள் விட்டுவைக்கவேண்டும். வால்வைச் சுற்றிக் கசிவு இல்லையானால் வேலை நன்று. வால்வின் தண்டு அதன் குழலில் ஆடினால் குழலையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் லைனர் புதியதாயிருந்தும் எண்ணெய் குழல் வழியாக இறங்கி எரியும். காலையில் எஞ்சினை எழுப்பியதும் சிறிது நேரம் நீலப் புகை வந்து நிற்பது பெரும்பாலும் இந்தக் குற்றத்தால்தான்.

பூட்டும்போது கவனிக்கவேண்டியவை

லைனர் உட்காரும் படியில் பல வருஷத்துத் துருவும் சுண்ணாம்பும் அடைந்திருக்கும். அதை உலோகம் பளிச்சிடும்வரையில் சுரண்டிச் சுத்தமாக்கி, புதிய சீல்களை வைத்துப் புதிய லைனர்களை இறக்கவேண்டும். ஸ்டாண்டர்ட் எஞ்சினில் இரண்டு லைனர்களுக்கு ஒன்றாக, 8 என்ற எண்ணின் வடிவத்தில் அந்தச் சீல் அமைந்திருக்கும். இறக்கியபின் லைனரின் மேல் விளிம்பு எஞ்சின் முகத்தைவிட 3 முதல் 5 தௌ வரையில் உயர்ந்து நிற்கவேண்டும். ஹெட்டை இறுக்கும்போது பேக்கிங் அந்த விளிம்புகளில் அழுந்தி அடைபடுவதற்கே இந்த உயரம். தாழ்ந்து நின்றால் வாயு கசியும். ஒன்று உயர்ந்து அடுத்தது தாழ்ந்து நின்றாலும் அப்படியே.

லைனர்களை வைத்தபின், ஹெட்டைப் பூட்டுவதற்கு முன்பு, எஞ்சினைச் சுழற்றவேண்டியிருந்தால், லைனர்களை வாஷரும் நட்டும் கொண்டு அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் ஏறும் பிஸ்டன் லைனரையும் சேர்த்துத் தூக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு தூக்கினாலும் அடியிலுள்ள சீல் நகர்ந்துவிடும். எல்லாம் பூட்டித் தண்ணீர் ஊற்றியபின் அது அடித்தொட்டியில் இறங்கும். செய்த வேலை முழுவதையும் மறுபடியும் செய்ய நேரிடும். தேர்ந்தவர்களுக்கும் இந்தத் தவறு நேர்வதுண்டு.

ஒவ்வொரு புதிய ரிங்கையும் அதன் லைனரிலேயே வைத்து முனை இடைவெளியை அளந்த பிறகே பிஸ்டனில் மாட்டவேண்டும். குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு 3 அல்லது 4 தௌ என்பது பொதுக் கணக்கு. 80 மில்லிமீட்டர் லைனருக்கு ஏறக்குறைய 10 முதல் 13 தௌ ஆகும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங்கு நீண்டு முனைகள் முட்டி லைனரைக் கீறிவிடும். மாட்டியபின் ரிங்குகளின் இடைவெளிகள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வைக்கவேண்டும். ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, மூன்று நான்கு தவணைகளில் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும்.

முதல் ஓட்டம்

பூட்டி முடித்தவுடன் எஞ்சினை எழுப்பிவிடக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரையில் சுழற்றவேண்டும். எண்ணெய் எல்லா பேரிங்குகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே நெருப்பு மூட்டலாம்.

புதிய எஞ்சினைப் பல மணி நேரம் சும்மா ஓடவிட்டால் நல்லது என்று அநேகர் நினைக்கிறார்கள். அது சரியன்று. பாரமில்லாமல் ஓடும் எஞ்சினில் ரிங்கைச் சுவரோடு அழுத்தப் போதிய அமுக்கம் இராது. ரிங்கு சுவரோடு பொருந்துவதற்கு முன் சுவர் கண்ணாடிபோல் மெருகேறிவிடும். பிறகு எண்ணெய் குடிப்பது நிற்காது. முதலில் இலேசான உழவு, பிறகு மிதமான உழவு என்று பாரத்தைப் படிப்படியாய் ஏற்றவேண்டும். முழுப் பாரமும் ஆகாது, சும்மா ஓடுவதும் ஆகாது. சூடேறி ஆறியபின் ஹெட்டின் நட்டுகளைப் புஸ்தகத்தில் சொல்லியபடி மறுபடியும் பார்த்து, வால்வுச் சந்துகளைச் சரிசெய்யவேண்டும். முதல் 20 அல்லது 25 மணி நேர வேலைக்குப்பின் எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றவேண்டும். அந்த முதல் எண்ணெயில்தான் புதிய உறுப்புகள் உதிர்த்த உலோகத்தூள் முழுவதும் இருக்கும். அது கறுக்கவில்லையே என்று மிச்சம் பிடித்தால், மிச்சம் பிடித்தது எண்ணெய், செலவானது எஞ்சின்.

சங்கத்தின் பொறுப்பு

புதுப்பிப்பதா விற்பதா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எஞ்சின் உடலில் வெடிப்பில்லை, கிராங்க் சாணை பிடிக்கத்தக்க நிலையில் இருக்கிறது, லைனர், பிஸ்டன், பேரிங்கு ஆகியவை விலைக்குக் கிடைக்கின்றன, டிராக்டரின் கியர்களும் எண்ணெய்த் தூக்கியும் சரியாயிருக்கின்றன, வருஷத்தில் அதற்குப் போதிய வேலையும் உண்டு: இவ்வளவும் இருந்தால் புதுப்பிப்பதே லாபம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மறுபடி யோசிக்கவேண்டும். உடல் வெடித்த எஞ்சினுக்குப் புதிய லைனர் வாங்குவது, இடிந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும்.

வேலையை ஒப்படைக்கும்போது பஞ்சாயத்தார் சில நிபந்தனைகளை எழுதி வாங்கவேண்டும். எஞ்சினைப் பிரிக்கும்போது அங்கத்தினர்களில் இருவரேனும் உடனிருக்கவேண்டும். நான்கு லைனர்களின் அளவும், கிராங்க் கழுத்துகளின் அளவும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடப்படவேண்டும். மாற்றிய பழைய உறுப்புகள் எல்லாம் சங்கத்தினிடம் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். புதிய உறுப்புகளின் ரசீது சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். கூலியை ஒரே தடவையில் கொடாமல், பிரித்து அளந்தபின் ஒரு பகுதியும், பூட்டி ஓட்டியபின் ஒரு பகுதியும், முதல் எண்ணெய் மாற்றியபின் மீதியுமாகக் கொடுக்கலாம். இவை மெக்கானிக்கை அவமதிக்கும் நிபந்தனைகள் அல்ல. யோக்கியமான தொழிலாளிக்கு இவை சாட்சியாக நிற்கும்; பின்னால் குறை சொல்லுபவர்களின் வாயிலிருந்து அவரைக் காப்பாற்றும்.

அடுத்த தேய்மானத்துக்கு இன்றே பணம் சேர்க்கத் தொடங்கவேண்டும். கணக்கு எளிதாயிருக்கும்பொருட்டு, புதுப்பிக்கும் செலவு 60,000 ரூபாய் என்றும், அந்த எஞ்சின் 2,000 மணி நேரம் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மணி நேர வாடகையிலும் 30 ரூபாய் தேய்மான நிதியாக ஒதுக்கப்படவேண்டும். அந்தத் தொகையைச் சேர்க்காமல் வாடகையைக் குறைத்து வசூலிக்கும் சங்கம், அங்கத்தினர்களுக்கு உபகாரம் செய்வதுபோல் தோன்றும். உண்மையில் இன்று உழுபவரின் செலவை நாளை உழப்போகிறவரின் தலையில் அது ஏற்றுகிறது. டிராக்டரோடு ஒரு குறிப்புப் புஸ்தகமும் இருக்கவேண்டும். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், வடிகட்டி சுத்தம் செய்த தேதி, எண்ணெய் அழுத்தம் ஆகிய நான்கையும் டிரைவர் தினந்தோறும் அதில் எழுதவேண்டும். காரியதரிசி வாரத்துக்கு ஒரு முறை பார்வையிடவேண்டும். எண்ணெய்ச் செலவு சிறிது சிறிதாக ஏறுவதை அந்தப் புஸ்தகம் காட்டும்போதே எச்சரிக்கையானால், உழவு நடுவில் எஞ்சின் நின்றுபோகும் கஷ்டம் நேராது. சித்திரை வைகாசியில் செய்யவேண்டிய வேலையை ஆடிக்குத் தள்ளாமலிருக்க இதுவே வழி.

கடன் கேட்டு வரும் அங்கத்தினரின் நிலம், விளைவு, கடன்சுமை ஆகியவற்றை விசாரித்து அளந்த பிறகே சங்கம் பணம் கொடுக்கிறது. அவருடைய முகத்தைப் பார்த்துக் கொடுப்பதுமில்லை. வதந்தியைக் கேட்டு மறுப்பதுமில்லை. சங்கத்தின் சொந்த யந்திரத்துக்கும் அதே நீதியைச் செலுத்தவேண்டும். அடுத்த பொதுக் கூட்டத்தில், "விற்றுவிடலாம்" என்பவரும் "ரிங்கு போட்டால் போதும்" என்பவரும் எழுந்து பேசும்போது, அவர்கள் இருவர் முன்பும் அளவெழுதிய தாளை வைத்தால் விவாதம் தானே அடங்கும். புதிதாய் வாங்கிய கடனோ, வீணாய்ப் போன கூலியோ இல்லாமல், ஏர்மாடில்லாத அங்கத்தினரின் வயலிலும் அடுத்த மழை ஈரத்தில் உழவு நடைபெறும்.